பருப்புக்குக் கொழுப்பு இல்லை

"அதுக்குக் கொழுப்பு."

போன பனிக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட வசனம் இதுதான். 'அது' என்றால் எங்கள் பூனை. பெயர் பருப்பு. மைசூர்ப் பருப்பின் நிறம், அதனால் அந்தப் பெயர். நான்கு வருடங்களுக்கு முன் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, ஒரு காப்பகத்திலிருந்து நான்தான் அதைக் கொண்டுவந்தேன். அதற்கு முன் ஆறு மாதம் அம்மாவிடம் கெஞ்சினேன். "எல்லாம் நானே பார்ப்பேன்" என்று சத்தியமும் செய்தேன். அந்தச் சத்தியத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்று வருடம் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. பிறகு அம்மம்மா எங்களோடு இருக்க வந்தார். வந்து ஒரு மாதத்துக்குள் பருப்பு அவருடைய கட்டிலில் சலம் பெய்தது. அடுத்த கிழமை தோய்த்து மடித்து வைத்த சேலைகளின் மேல். அதற்கடுத்த கிழமை திரும்பவும் கட்டிலில். இதற்கிடையில் புதுச் செற்றியின் ஒரு பக்கம் நூல் நூலாகத் தொங்கியது. விடிய நாலு மணிக்கு அப்பா அம்மாவின் அறை வாசலில் நின்று கத்தத் தொடங்கியது. அப்பா ஆறு மணி வேலைக்குப் போகிறவர்.

"அம்மம்மா வந்தது அதுக்குப் பிடிக்கேல்லை. பழி வாங்குது" என்றான் தம்பி. தண்ணீர் விசிறும் போத்தல் ஒன்றை வாங்கிவந்து, பருப்பைக் கண்ட இடமெல்லாம் முகத்தில் அடித்தான். அம்மா கட்டில் விரிப்புகளைத் தோய்த்துத் தோய்த்துக் களைத்துப்போனார். கடைசியில் ஒருநாள் சொன்னார்: "பிள்ளை, நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதை. உதை ஆருக்காவது குடுத்துவிடு. என்னாலை இனி ஏலாது."

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை பருப்பு தன்னுடைய மண் பெட்டிக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. போய்க் குந்தும். முக்கும். ஒன்றும் வராது. வெளியே வந்து நக்கும். திரும்பப் போகும். ஒரு வித்தியாசமான குரலில் கத்தியது. "இண்டைக்கு என்ன புது நாடகம்?" என்று தம்பி கேட்டான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மம்மாதான் கதிரையை விட்டு எழும்பி வந்து பார்த்தார். "பிள்ளை, இது நடிப்பில்லை. இதுக்கு நோகுது. டொக்டரிட்டைக் கொண்டு போ."

அன்றிரவு அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனோம். பருப்பின் சலக்குழாய் அடைபட்டிருந்தது. ஆண் பூனைகளுக்கு அந்தக் குழாய் மிகவும் ஒடுக்கமானது. சிறு படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடலாம். அடைத்தால் சலம் வெளியேறாது, இரத்தத்தில் பொற்றாசியம் ஏறும், இதயம் நிற்கும். ஒன்றிரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் பூனை செத்துப்போகும். மூன்று நாள் குழாய் போட்டு வைத்திருந்துதான் காப்பாற்றினார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் கட்டிலில் பெய்ததும் பெரும்பாலும் அதே வருத்தத்தின் ஆரம்பம்தான் என்று மிருக வைத்தியர் சொன்னார். பெட்டிக்குள் போனபோதெல்லாம் நொந்திருக்கிறது. அதனால் பெட்டியே நோவுக்குக் காரணம் என்று நினைத்து, மெத்தென்ற வேறு இடம் தேடியிருக்கிறது.

பழிவாங்கவில்லை. கொழுப்பும் இல்லை. வருத்தம்.

இதனால்தான் இதை எழுதுகிறேன். பூனை வைத்திருக்கும் எங்கள் வயதுப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களின் வீடுகளிலும் "கொழுப்பு" என்ற சொல் ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும். என் கருத்து இதுதான்: பூனையின் தொல்லை என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி பூனையின் குற்றம் அல்ல. அது வீட்டில் இருக்கும் ஒரு குறையைக் காட்டுகிறது, அல்லது உடம்பில் இருக்கும் ஒரு வருத்தத்தைக் காட்டுகிறது. அதைத் தண்டிப்பதால் எதுவும் மாறாது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது, பூனையைக் கேட்டுக் கொண்டுவந்த எங்களுடைய வேலை.

ஊரில் ஏன் இந்தப் பிரச்சினை இல்லை?

"ஊரிலையும் எங்கடை வீட்டிலை பூனை இருந்தது. ஒருநாளும் கட்டிலிலை பெய்யேல்லை" என்று அம்மா சொன்னார். இதை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நானும் இதைக் கேட்டு எரிச்சல்பட்டேன். பிறகு யோசித்தால், பதிலே இதற்குள்தான் இருக்கிறது.

ஊர்ப் பூனைக்கு வளவு முழுக்க மண். விரும்பிய இடத்தில் கிண்டிப் பெய்து மூடிவிட்டுப் போகும். நகம் கூராக்க முருங்கை மரம், மாமரம். வேட்டையாட எலி, ஓணான், தும்பி. யாராவது கத்தினால் மதில் ஏறி அடுத்த வளவுக்குப் போய்விடும். இரவில் அது என்ன செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் அது வீட்டுக்குள் இல்லை.

இங்கே பருப்புக்கு என்ன இருந்தது? மண்ணுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மரத்துக்குப் பதில் ஒன்றும் இல்லை, அதனால் செற்றி. எலிக்குப் பதில் எங்கள் கால்விரல். ஓடித் தப்ப மதில் இல்லை. அதே பூனைதான். வளவைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோம்.

பூனையை வெளியே விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தக் குளிரிலும் வாகன நெரிசலிலும் வீட்டுக்குள் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் வளவை எடுத்தால், அதற்குப் பதிலாக ஏதாவது கொடுக்க வேண்டும்.

இதை எனக்கு விளங்கவைத்தது எந்தப் புத்தகமும் இல்லை. பருப்பு ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாம் நாள் அம்மம்மா யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி சொன்னார்: "மோனை, நான் வந்து மூண்டு மாசம். வாசல்படி தாண்டினது நாலு தரம். எனக்கே விசர் பிடிக்குது. அது வாயில்லாச் சீவன், என்ன செய்யும்?"

எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் பேச வரவில்லை.

சலம் பெய்தால்

முதலில் மிருக வைத்தியர். பிறகுதான் மற்றதெல்லாம். இதுவரை பெட்டியை ஒழுங்காகப் பாவித்த பூனை திடீரென்று வெளியே பெய்தால், அது வருத்தம் இல்லை என்று உறுதியாகும்வரை வருத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் பூனை அடிக்கடி குந்தி முக்குகிறது, துளியும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த இரவே கொண்டுபோங்கள்.

வருத்தம் இல்லை என்றால் பெட்டியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் நடந்த பிழை இதுதான்: அம்மம்மா வருகிறார் என்று, மாடியில் இருந்த பெட்டியை பேஸ்மென்டில் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். அது திடீர் திடீரென்று உறுமும் இடம். போதாக்குறைக்குக் கதவையும் பாதி நேரம் யாராவது சாத்திவிடுவார்கள். அம்மம்மாவுக்குக் கொடுத்த அறை, அதுவரை பருப்பு வெயில் காய்ந்த அறை. ஒரே கிழமையில் அதன் கக்கூசையும் மாற்றினோம், படுக்கையையும் பறித்தோம். இப்படியான மன அழுத்தம் பூனைகளுக்குச் சலப்பை அழற்சியைக் கூட்டும் என்பது மிருக வைத்தியத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம்.

பொதுவான கணக்கு: எத்தனை பூனையோ, அதைவிட ஒரு பெட்டி கூடுதலாக வேண்டும். ஒரு பூனைக்கு இரண்டு. இரண்டையும் ஒட்டி வைக்காமல் வேறு வேறு இடத்தில், அமைதியான மூலையில் வையுங்கள். பூனை உள்ளே நின்று தாராளமாகத் திரும்பக்கூடிய பெரிய பெட்டியாக இருக்கட்டும். வாசனை போட்ட மண் எங்களுக்குத்தான் மணக்கும், பூனைக்கு மூக்கைப் பொத்த வேண்டியதுபோல இருக்கும். ஒவ்வொரு நாளும் அள்ள வேண்டும். நீங்கள் பொதுக் கழிப்பறையில் எப்படிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவீர்களோ, பூனையும் அப்படித்தான்.

பெய்த இடத்தைக் கழுவுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் பூனைக்கு அது திரும்பவும் சலம் போலத்தான் மணக்கும். சலத்தைச் சிதைக்கும் என்சைம் உள்ள திரவம் விலங்குப் பொருள் கடைகளில் கிடைக்கும். அதைத்தான் பாவிக்க வேண்டும். "அலமாரிக்குள்ளை வைக்கிற பூச்சி உருண்டையைப் போடு, கிட்ட வராது" என்று ஒரு மாமா எங்களுக்குச் சொன்னார். தயவுசெய்து போடாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு.

இன்னொன்று. பூனை குந்தாமல் நின்றபடி, வாலைத் தூக்கி நடுக்கி, சுவரில் பீய்ச்சினால் அது கக்கூஸ் பிரச்சினை இல்லை. அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்யாத ஆண் பூனைகளில் இது அதிகம். கருத்தடை செய்தால் பெரும்பாலானவை நிறுத்திவிடும்.

செற்றியைக் கிழித்தால்

பூனை நகத்தைக் கூராக்க மட்டும் கீறுவதில்லை. அதன் பாதத்தில் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. கீறும்போது "இது என்ர இடம்" என்று கையெழுத்துப் போடுகிறது. முதுகையும் நீட்டி முறிக்கிறது. இதை நிறுத்தச் சொல்வது, எங்களைக் காலையில் சோம்பல் முறிக்காதே என்று சொல்வது போல.

நிறுத்த முடியாது. இடத்தை மாற்றலாம். சணல் கயிறு சுற்றிய ஒரு கம்பம் வாங்குங்கள். பூனை பின்னங்காலில் நின்று முழுதாக நீளும் அளவுக்கு உயரமாக, சுமார் 80 அல்லது 90 சென்றிமீற்றர் இருக்க வேண்டும். தள்ளினால் ஆடக்கூடாது. ஆடினால் ஒருநாளும் தொடாது. வாங்கியதைக் கொண்டுபோய் ஒளித்து வைக்காமல், அது கீறும் செற்றியின் மூலைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். செற்றியில் இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவை ஒட்டினால் அந்தப் பிசுபிசுப்புப் பிடிக்காமல் கம்பத்துக்குப் போகும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நகத்தின் நுனியை மட்டும் வெட்டிவிடலாம்.

சிலர் "நகத்தையே எடுத்துவிடலாமே" என்று கேட்பார்கள். என் உறவுக்குள்ளேயே கேட்டார்கள். அது நகம் வெட்டுவது அல்ல என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பை மூட்டோடு வெட்டி எடுப்பது. எங்கள் பத்து விரல்களையும் நுனிக் கணுவரை துண்டிப்பதற்குச் சமம். பிறகு நடக்கவும் மண்ணைக் கிண்டவும் நோகும். நோவதால் பெட்டியைத் தவிர்க்கும் பூனைகளும் உண்டு. நகம் இல்லாததால் கடிக்கத் தொடங்கும் பூனைகளும் உண்டு. செற்றியைக் காப்பாற்றப் போய்க் கட்டிலை இழக்கலாம். பிரித்தானியாவில் இது சட்டவிரோதம். கனடாவில் 2018இல் நோவா ஸ்கோஷியா முதல் மாகாணமாக இதைத் தடைசெய்தது. அமெரிக்காவில் 2019இல் நியூயோர்க் முதல் மாநிலமாகத் தடைசெய்தது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு தளபாடத்துக்காக ஒரு சீவனின் விரலை வெட்டக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விடிய நாலு மணிக்குக் கத்தினால்

பூனை இரவு மிருகம் என்று சொல்வார்கள். சரியாகச் சொன்னால் அது விடியலிலும் அந்தியிலும் உசாராக இருக்கும் மிருகம். எலிகள் நடமாடும் நேரம் அது. பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லாமல் தூங்கிய பூனைக்கு நாலு மணிக்குக் காலை விடிந்துவிடும்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? கத்தல் தாங்காமல் எழும்பிப் போய்ச் சாப்பாடு போட்டார். அடுத்த நாள் பருப்பு அதே நேரம் வந்தது. பூனையின் பக்கத்திலிருந்து பாருங்கள்: கத்தினால் கதவு திறக்கிறது, சாப்பாடு வருகிறது. அப்பாவை அது நன்றாகப் பழக்கிவிட்டது.

நாங்கள் இரண்டு விஷயம் செய்தோம். இரவு படுக்க முதல் பதினைந்து நிமிடம், தடியில் இறகு கட்டிய விளையாட்டுப் பொருளால் ஓடவிட்டுக் களைக்கவைத்தேன். அதன் பிறகு சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, நக்கல், தூக்கம் என்பதுதான் பூனையின் இயல்பான ஒழுங்கு. இரண்டாவது, நேரம் வைத்தால் தானாகத் திறக்கும் சாப்பாட்டுக் கிண்ணம் ஒன்று. சாப்பாடு மெஷினிலிருந்து வருகிறது என்றால் அப்பாவை எழுப்புவதில் பயன் இல்லை. முதல் சில நாட்கள் முன்பைவிடக் கூடுதலாகக் கத்தியது. அது எதிர்பார்க்க வேண்டியதுதான். அந்த நாட்களில் ஒருமுறை எழும்பினாலும் எல்லாம் வீண். அப்பா காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார். இரண்டாம் கிழமை அடங்கியது.

தண்ணீர்ப் போத்தலைக் குப்பையில் போடுங்கள்

அடிப்பது, கத்துவது, பெய்த இடத்தில் மூக்கை வைத்துத் தேய்ப்பது, தண்ணீர் அடிப்பது. இவை எல்லாவற்றிலிருந்தும் பூனை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இந்த மனிதர் ஆபத்தானவர். செற்றியைக் கீறக்கூடாது என்று அது கற்காது. இவர் பார்க்கும்போது கீறக்கூடாது என்று கற்கும். பயம் கூடினால் மன அழுத்தம் கூடும். மன அழுத்தம் கூடினால் பெய்வதும் கூடும்.

பயத்துக்குப் பதிலாக என்ன செய்யலாம்? 2020இல் பிரித்தானியாவின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனிதர் பூனையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி மெதுவாக மூடித் திறந்தால், பூனையும் அப்படியே செய்கிறது. முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கிட்ட வரும் வாய்ப்புக் கூடுகிறது. அம்மம்மா எந்த ஆய்வும் படிக்கவில்லை. பின்னேரம் நாடகம் பார்க்கும்போது பாதிக் கண்ணை மூடித் தூங்கி வழிவார். பருப்பு அவர் மடியில்தான் போய் ஏறும். அவரை வெறுத்து அவர் கட்டிலில் பெய்தது என்று நாங்கள் சொன்ன அதே பூனை.

அந்தச் சத்தியம்

இப்போது எங்களைப் பற்றி. பூனை வேண்டும் என்று கேட்டது நாங்கள். படம் எடுத்துப் போடுவதும் நாங்கள். பெட்டியை அள்ளுவது யார்? எங்கள் வீட்டில் அம்மா. முதல் மூன்று மாதம் நான் அள்ளினேன். பிறகு பரீட்சை வந்தது, பகுதிநேர வேலை வந்தது, என் சத்தியம் அம்மாவின் வேலையாக மாறிவிட்டது. அம்மா பூனையை வெறுக்கவில்லை. இரண்டு வேலை முடித்துவந்து மூன்றாவது வேலையாகப் பூனை மூத்திரம் கழுவுவதை வெறுத்தார். இதை நான் விளங்கிக்கொள்ள மூன்று வருடம் எடுத்தது.

அதனால் "எங்கடை அம்மா அப்பாவுக்குச் செல்லப்பிராணி எண்டால் என்னெண்டு தெரியாது" என்று நண்பர்களிடம் புலம்புவதை நிறுத்துவோம். அவர்களுக்குத் தெரிந்த பூனை வேறு மாதிரி வாழ்ந்த பூனை, அவ்வளவுதான். வங்கிக் கடிதத்தையும் பள்ளிக்கூட அறிக்கையையும் சின்ன வயதிலிருந்தே அவர்களுக்கு மொழிபெயர்த்தவர்கள் நாங்கள். மிருக வைத்தியர் சொன்னதையும் இருந்து ஆறுதலாகத் தமிழில் சொல்லலாம். நான் பருப்பின் சலப்பை படத்தை ஒரு தாளில் கீறிக் காட்டினேன். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாவம், நொந்திருக்கும்" என்றார். அதற்குப் பிறகு கொழுப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் வரவில்லை.

எல்லாம் செய்தும் சரிவராத வீடுகள் இருக்கும். ஒவ்வாமை இருக்கும், கைக்குழந்தை இருக்கும், வைத்தியச் செலவுக்குக் காசு இருக்காது. அப்போது பூனையை நல்ல இடத்துக்குக் கொடுப்பது தோல்வி இல்லை. காப்பகத்திடம் உண்மையைச் சொல்லி ஒப்படையுங்கள். "வெளியிலை விட்டால் தானாப் பிழைக்கும்" என்று மட்டும் நினைக்காதீர்கள். வீட்டுக்குள் வளர்ந்த பூனை தை மாதக் குளிரில் பிழைக்காது. வளர்க்கும் விலங்கைத் துன்பத்தில் கைவிடுவது கனடாவில் குற்றமும்கூட.

ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் ஒரு மாதம் கொடுங்கள். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். இன்னொரு பெட்டி வையுங்கள். ஒரு கம்பம் வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிடம் விளையாடுங்கள். பெட்டியை நீங்களே அள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. இரண்டையும் நான் அள்ளுகிறேன், தவறினால் தம்பி. பருப்புக்கு ஈரச் சாப்பாடு, மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். செற்றியின் கிழிந்த பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்திருக்கிறோம். சித்திரையில் பனி கரைந்ததும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மம்மாவைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். பூனைக்குச் செய்ததை அவருக்குச் செய்ய எனக்கு ஏன் இவ்வளவு நாள் எடுத்தது என்று தெரியவில்லை.